முப்பத்தொரு நிமிடப் பிழை

வானத்துக்கு எத்தனை மணிக்கு விடிகிறது என்று எழுதிவைப்பது ஒரு காலத்தில் என் வேலையாக இருந்தது. சிரிக்க வேண்டாம். அதற்கும் மாதச் சம்பளம் கொடுத்தார்கள். அதற்கும் ஒரு மேசை, ஒரு கம்பளிச் சட்டை, "அப்சர்வர்" என்று ஒரு பட்டம். அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், கூலிகளின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, மேசை போட்டு உட்கார்ந்த முதல் ஆள் நான்தான். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சநஞ்சமில்லை. இப்போது நினைத்தாலும் என்மேல் எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

ஐம்பதுகளின் பின்பாதி அது. தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்த எங்கள் சனத்துக்கு நாடு இல்லை என்று சட்டம் போட்டு, பிரஜாவுரிமை கேட்டுக் கொடுத்த மனுக்கள் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் தூங்கிக்கொண்டிருந்த காலம். ஓட்டு இல்லை, துண்டுக் காணி இல்லை. இருந்ததெல்லாம் செக்ரோல் என்ற தோட்டத்து ஆள்கணக்குப் புத்தகத்தில் ஒரு பேர். அந்தப் பேர் இருக்கும்வரை லயத்தில் காம்பரா என்று ஓர் அறை உண்டு. வேலையை விட்டு நீக்கினால் பேரை வெட்டிக் கையில் ஒரு காகிதம் கொடுப்பார்கள்; பத்துச்சீட்டு என்போம். அதோடு காம்பராவும் போச்சு, ஊரும் போச்சு.

எங்கள் காம்பராவில் மூன்று பேர். நான், என் தங்கை, அவளுடைய ஏழு மாதக் கைக்குழந்தை. அவள் புருஷன் திருச்சிப் பக்கத்தில் தன் ஊரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கப்பலேறினவன், திரும்பி வர அனுமதி கிடைக்கவில்லை என்று ஒரு கடிதம் போட்டான். அதற்குப் பிறகு அதுவும் இல்லை. நான் வானத்தைப் பார்க்கப் போனதும் என் பேரைச் செக்ரோலிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆகவே அந்தக் காம்பரா தங்கையின் பேரில் நின்றது. அவள் கொழுந்து எடுத்தால்தான் எங்கள் மூன்று பேர் தலைக்கும் மேலே தகரக்கூரை.

என் வேலையைச் சொல்கிறேன். இங்கிலாந்திலிருந்து ஒரு புரொபசர் வந்திருந்தார். பட்டிப்பொலவுக்கு மேலே புல்வெளியில் உயரமான கம்பங்கள் நட்டு, இரவும் பகலும் ஓயாமல் ரேடியோ அலையை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பாட்டுக் கேட்கிற ரேடியோ இல்லை அது. அதிர்வு மிகக் குறைந்த, நீளம் மிகப் பெரிய அலை. அதையும் ஒரே சீராக விடாமல், துடிப்புத் துடிப்பாக வெட்டி விடுவார்கள். அந்தத் துடிப்பு மேலே போய், ஐம்பது மைலுக்குக் கொஞ்சம் முன்பின்னாக, காற்றில் மின்சாரம் பிடித்துக் கிடக்கும் அடுக்கில் முட்டித் திரும்பும். திரும்பியதைப் பிடிக்க எங்கள் தோட்டத்து உச்சியில், மலைமுதுகுக்கு அந்தப் பக்கம், ஒரு தகரக் கொட்டகை. அங்கேதான் நான், இரவுப் படுக்கையும் அங்கேதான்; வேலைக்கு ஆள் கூப்பிடும் தேயிலை பெக்டரிச் சங்குகூட அங்கே எட்டாது.

மரச்சட்டத்தில் கம்பி சுற்றிய ஓர் ஏரியல், ஒரு பெட்டி, அதன் முகத்தில் பச்சை வெளிச்சம் ஓடும் வட்டக் கண்ணாடி. கண்ணாடியில் இரண்டு மேடு தெரியும். முதலாவது தரையோடு நேராக வந்த துடிப்பு. இரண்டாவது வானத்துக்குப் போய்வந்தது. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்தால் அடுக்கின் உயரம் வந்துவிடும். இருட்டில் இரண்டாவது மேடு எட்டத்தில் நிற்கும். விடியப் போகிறது என்றால் மெல்ல முதல் மேட்டை நோக்கி நகரும். மேலே வெயில் பட்டு அடுக்கு கீழே இறங்குகிறது என்று அர்த்தம். தரையில் நமக்கு விடிவதற்கு அரைமணிக்குக் கிட்ட முன்னாலேயே அங்கே விடிந்துவிடும். அந்த நகர்வு எத்தனை மணி எத்தனை நிமிடத்தில் தொடங்கியது என்று பார்த்துப் புத்தகத்தில் எழுத வேண்டும். மேசைமேல் பெட்டிக்குள் வைத்த பித்தளைக் கடிகாரம் ஒன்று அதற்காகவே இருந்தது. அதற்கு நாள்தோறும் காலையில் சாவி கொடுத்து, கொழும்பு ரேடியோவின் மணியோசையோடு ஒத்துப்பார்க்க வேண்டும். படம் பிடிக்கிற காமிரா தன்பாட்டில் ஓடும். நேரம் மட்டும் என் பொறுப்பு.

புரொபசர் நல்ல மனிதர். சும்மா சொல்லக்கூடாது. கம்பளிச் சட்டை அவர் கொடுத்ததுதான். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு வரைகோட்டுத்தாளில் புள்ளி வைக்கவும், படச்சுருளைக் கழுவவும், ஆங்கிலத்தில் குறிப்பு எழுதவும் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். மாதத்துக்கு இரண்டு முறை வருவார், தோட்டத்தை நடத்தும் பெரிய துரையின் பங்களாவில் தங்குவார். கொட்டகை நின்ற நிலம் துரையுடையது, கொட்டகைக்கு வந்த மின்சாரம் துரையின் பெக்டரியிலிருந்து வந்தது. இதையும் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொழுந்து பொங்கிக்கொண்டு வரும் சித்திரை மாதம். ஒரு பிற்பகல் நான் லயத்துக்கு வந்தபோது தங்கை அடுப்படியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னா புள்ள, மலைக்குப் போகலயா?"

"போனேன். பெரட்டுல பேர் கூப்புடுறதுக்குப் பிந்திட்டேன்னு வெரட்டி விட்டுட்டாங்க. இந்தக் கெழமையில இது ரெண்டாந் தடவ."

"அப்ப நேரத்தோட எந்திரி."

"எந்திரிக்கிறதுக்கு மொத விடியணுமில்ல? போன மாசம் இதே சங்குக்குக் கூடை கட்டுறப்ப கயிறு கண்ணுக்குத் தெரிஞ்சிச்சு. இப்ப வெளக்கக் கொளுத்தி வச்சிக் கட்டுறேன். அந்த ஆயாம்மா வெளிச்சம் வந்தப்பறந்தான் புள்ளைக்காம்பராவத் தொறக்குது. அதுவரைக்கும் புள்ளைய யாரு கையில குடுக்கிறது? அண்ணே, அந்தச் சங்கு முந்தி ஊதுது."

நான் சிரித்தேன். "சூரியன் மாசத்துக்கு மாசம் மாறும் புள்ள. அதெல்லாம் ஒனக்குப் புரியாது. பெக்டரிச் சங்கு மணி பார்த்து ஊதுறது. அது பொய் சொல்லுமா?"

பாருங்கள் என் படிப்பை. சித்திரையில் பொழுது பங்குனியைவிட முன்னதாக விடியும், பிந்தி அல்ல. அந்தக் கணக்கு என் மேசையிலேயே அட்டவணையாக ஒட்டியிருந்தது. அவள் கண்ணால் பார்த்ததைச் சொன்னாள். நான் பார்க்காமலே பாடம் நடத்தினேன். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் பீலிக்கரைக்குப் போய்விட்டாள்.

அடுத்த கிழமை குழந்தைக்குக் காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. அன்று நான் லயத்திலேயே தங்கி, காலையில் தோட்டத்து மருந்துச்சாலைக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டுக் கொட்டகைக்குப் போனால், பித்தளைக் கடிகாரம் நின்றுபோயிருந்தது. முதல்நாள் சாவி கொடுக்க மறந்திருக்கிறேன். மணியோசை கேட்கிற ரேடியோவும் ஒரு வால்வு எரிந்து, பழுதுபார்க்கக் கொழும்புக்குப் போயிருந்தது. புரொபசர் ஆயிரம் தடவை சொன்ன ஒரே விஷயம், நேரம் தப்பக் கூடாது என்பதுதான்.

என்ன செய்வது? தலவாக்கலை ரயில் நிலையத்துக் கடிகாரத்தைப் பார்த்துவரப் போகலாம். அரைநாள் போய்விடும். சூரியன் இருக்கிறதே, அட்டவணை இருக்கிறதே, அதை வைத்துச் சரிபார்க்கலாம் என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றவே இல்லை. லயத்தில் பிறந்தவனுக்கு நேரம் என்றால் சங்குதான். பிறந்த நேரம்கூட எங்கள் வீட்டில் "ரெண்டாஞ் சங்குக்கு முன்ன" என்றுதான் சொல்வார்கள். மறுநாள் விடிகாலையில் மலைமுதுகின்மேல் குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றேன். ஆறுமணிச் சங்கு ஊதியதும் ஒரே ஓட்டமாகக் கொட்டகைக்குப் பாய்ந்து, ஓடிய இரண்டு நிமிடத்தையும் மறக்காமல் கூட்டி, கடிகாரத்தை வைத்தேன். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அதற்கடுத்த நாள் இரண்டாவது மேடு நகர வேண்டிய நேரத்தில் நகரவில்லை. கால்மணி பார்த்தேன், அரைமணி பார்த்தேன். அப்புறம்தான் நகர்ந்தது. மறுநாளும் அப்படியே. ஒன்பது நாளும் அப்படியே. நான் என்ன நினைத்தேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். வானத்தில் ஏதோ புதிதாக நடக்கிறது என்று நினைத்தேன்! "விடியல் விளைவு தாமதம்" என்று ஆங்கிலத்தில் ஒன்பது நாளும் எழுதி அடியில் கோடு போட்டேன். புரொபசர் அதை அச்சில் போடுவார், அதில் என் பேரும் வரும் என்று கனவு வேறு. சூரியன் பிந்தலாம், சங்கு முந்துமா என்பதுதான் என் புத்திக்கு எட்டிய விஞ்ஞானம்.

நான் வானத்துக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்த அதே நாட்களில் கீழே பெரட்டுக்களத்தில் தங்கை மாட்டிக்கொண்டாள். மூன்றாவது தடவையும் அவளைத் திருப்பி அனுப்பினார், ஆள் கணக்கெடுக்கும் கணக்கப்பிள்ளை. அவள் போகவில்லை. முப்பது நாற்பது பெண்கள் கூடையோடு நிற்க, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "பொழுது இன்னும் கண்ணே தொறக்கலங்கய்யா. ஒங்க மணிதான் திருட்டு மணி. வெளக்குமில்லாம எந்தக் கொழுந்தப் பாத்துக் கிள்ளுறது?" என்று கேட்டுவிட்டாள்.

"யாரப் பாத்துத் திருடுன்னு சொல்ற? ஆப்பீசு மணி தொரை மணி தெரியுமா?"

"யாரு மணியா இருந்தா எனக்கென்னங்க? திருட்டு மணின்னா திருட்டு மணிதான்."

அவ்வளவுதான். துரையைத் திருடன் என்று சொன்னாள் என்று எழுதி வேலையை நிறுத்தினார்கள். அரசாங்கத்துத் தொழில் அதிகாரி வந்து விசாரிப்பார், அவர் முன்னால் அவள் தன் சொல்லை நிரூபிக்க வேண்டும், இல்லையென்றால் பத்துச்சீட்டு. நிரூபிக்க அவளிடம் என்ன இருந்தது? லயத்தில் ஒருவரிடமும் கடிகாரம் இல்லை. அன்று கூட நின்ற பெண்களைக் கேட்டால், "எங்களுக்கு என்னம்மா தெரியும்" என்று தலைமுக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? அவர்களுக்கும் காம்பரா இருந்தது.

பத்தாம் நாள் புரொபசர் வந்தார். புத்தகத்தைப் புரட்டினார். ஒன்பது நாளுக்கும் நான் போட்டிருந்த கோடுகளைப் பார்த்தார். தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பித்தளைக் கடிகாரத்தின் பக்கத்தில் வைத்தார். பித்தளைக் கடிகாரம் முப்பத்தொரு நிமிடம் முந்தியிருந்தது.

"இதை எப்படி வைத்தாய்?"

சொன்னேன். மலைமுதுகில் நின்றது, சங்கு, ஓட்டம், கூட்டிய இரண்டு நிமிடம், எல்லாம்.

அவர் வெடித்துச் சிரித்துவிட்டார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "உங்கள் துரை சூரியனைவிட முந்திக்கொள்கிறவர்! கொழுந்துக் காலத்தில் கடிகாரத்தை முன்னால் தள்ளி வைத்திருக்கிறார். நீ தற்செயலாக அவரைப் பிடித்துவிட்டாய்" என்றார். மாலையில் எங்கள் தோட்டத்தில் சங்கு கிடையாது. கடைசி நிறுவை முடிந்தால்தான் வீடு. ஆகவே காலையில் முள்ளைத் தள்ளினால் தள்ளியது அவ்வளவும் துரைக்கு லாபம். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஐம்பது மைல் உயரத்திலிருந்து ஆள் வர வேண்டியிருந்தது.

நான் சிரிக்கவில்லை. அன்று பிற்பகல் லயத்துக்கு ஓடினேன்.

"புள்ள, நீ சொன்னதுதான் சரி. சங்கு அரைமணி முந்தி ஊதுது. வானத்துலயே பதிஞ்சிருக்கு."

தங்கை என்னைக் கட்டிக்கொள்ளவில்லை, அழவுமில்லை. குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே சொன்னாள்: "நாந்தான் அன்னிக்கே சொன்னேனே. சரி, அந்தப் பொஸ்தகத்தக் கொண்டாந்து வெசாரணையில காட்டுண்ணே. நீ இங்கிலீசு பேசுவ. ஒன்னயத்தான் நம்பியிருக்கேன்."

மறுநாள் புரொபசரிடம் கேட்டேன். என் தங்கையின் கதையைச் சொல்லி, சங்கு முந்தியது என்று இரண்டு வரி எழுதிக் கொடுங்கள் சார் என்று கேட்டேன். அவர் முகம் மாறியது. இரக்கம் இருந்தது அதில், இல்லை என்று சொல்ல மாட்டேன். புகைக்குழாயைப் பற்றவைத்தார், அணைத்தார்.

"இந்த நிலம் அவருடையது. மின்சாரம் அவருடையது. நாளைக்கே கம்பியை வெட்டினால் மூன்று வருட வேலை போகும். நம்முடைய காரியம் வானத்தோடு. தோட்டத்து வழக்கில் நான் நுழைய முடியாது" என்றார். பிறகு, வேறு எதையோ பேசுகிறவர்போல, "இந்த ஒன்பது பக்கத்தையும் இப்படியே விட முடியாது. ஒவ்வொரு நேரத்திலும் முப்பத்தொரு நிமிடத்தைக் கழித்துப் புதிதாக எழுதிவிடு. அடியில் காரணம் எழுதிக் கையெழுத்துப் போடு" என்றார்.

"என்ன காரணம் எழுத, சார்?"

அவரே சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஆங்கிலத்தில் ஒரே வரி. கடிகாரத்தை அப்சர்வர் தவறாக வைத்துவிட்டார், அப்சர்வரின் பிழை, முப்பத்தொரு நிமிடம் கழிக்கப்பட்டது.

பொய்யா அது? இல்லை. தவறாக வைத்தது நான்தானே. சங்கு என்ற சொல் மட்டும் அதில் இல்லை. எனக்கு அது தெரியாமலும் இல்லை. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காலியாக விட்டு, எழுதிய வரியைத் திருப்பி வாசித்தேன். அப்போதுதான் அவர், வேலை முடிந்து போகும்போது கொழும்பில் ஓர் ஆய்வுக்கூடத்தில் என்னைச் சேர்த்துவிடப் பார்ப்பதாகச் சொன்னார். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். நான் கையெழுத்துப் போட்டேன். விசாரணையில் வாயால் விளக்கிக்கொள்ளலாம் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். பழைய ஒன்பது பக்கங்களையும் படச்சுருளையும் அவர் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். போகும் முன் பங்களாவில் துரையோடு சாப்பாடு. இந்த வேடிக்கையைச் சாப்பாட்டு மேசையில் சொல்லாமல் இருப்பாரா? சொல்லியிருக்கிறார். மலையிறங்கி ஓடிய என்னை நடித்துக்கூடக் காட்டினாராம். பங்களாவில் சமைக்கும் அப்பு எனக்குப் பிறகு சொன்னது இது.

அதற்கு அடுத்த நாள் காலையிலிருந்து சங்கு பிந்தி ஊதியது. யாரும் எதுவும் அறிவிக்கவில்லை. கயிறு கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில் கூடை கட்டினார்கள். ஆயாம்மா வந்து பிள்ளைக்காம்பராவைத் திறந்தபிறகு பெரட்டு நடந்தது. லயத்தில் எல்லாருக்கும் அரைமணி நேரத் தூக்கம் கூடியது. யார் வாயால் கிடைத்தது என்றும் எல்லாருக்கும் தெரியும். என் தங்கையிடம் வந்து ஒருத்தி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

விசாரணை ஆப்பீசில் நடந்தது. தொழிற்சங்கத்திலிருந்து வருவதாகச் சொன்ன ஆள் வரவில்லை. வேறொரு தோட்டத்தில் வேலைநிறுத்தமாம். மேசைக்கு அந்தப் பக்கம் தொழில் அதிகாரி, அவருக்குப் பக்கத்தில் பெரிய துரை. கணக்கப்பிள்ளை கதவோரம். தங்கை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். பேச்செல்லாம் ஆங்கிலத்தில். அதிகாரி நியாயமான மனிதர்தான். எல்லாவற்றையும் கேட்டார். முதலில் எழுந்து சுவர்க்கடிகாரத்தைத் தன் கைக்கடிகாரத்தோடு ஒத்துப்பார்த்தார். ஒரு நிமிடம்கூட வித்தியாசம் இல்லை. இருக்குமா?

பிறகு என்னைப் பார்த்தார். நான் நடுங்காமல்தான் ஆரம்பித்தேன். ரேடியோத் துடிப்பு, விடியல், இரண்டு மேடு, ஒன்பது நாள், என் கடிகாரத்தை இந்தத் தோட்டத்துச் சங்கைக் கேட்டு வைத்தது, முப்பத்தொரு நிமிடம். அதிகாரி கவனமாகக் கேட்டார். துரை சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை புரிந்திருக்காது. ஆனால் அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

"பதிவைக் காட்டுங்கள்" என்றார் அதிகாரி.

புத்தகத்தை நானே என் கையால் நீட்டினேன். அவர் ஒன்பது பக்கங்களையும் புரட்டினார். நேரமெல்லாம் சரியாக இருந்தது. அடிக்குறிப்பைச் சத்தமாக வாசித்தார்: கடிகாரத்தை அப்சர்வர் தவறாக வைத்துவிட்டார். அப்சர்வரின் பிழை.

"இது உங்கள் கையெழுத்தா?"

"ஆமாம், சார்."

"சங்கைக் கேட்டு வைத்ததாக இதில் இல்லையே. வேறு எங்காவது எழுத்தில் இருக்கிறதா?"

"இல்லை, சார்."

அப்போதுதான் துரை திரும்பினார். கோபமே இல்லை அவர் குரலில். "இந்த இளைஞன் கெட்டிக்காரன். புரொபசர் இவனைக் கொழும்புக்குக் கூட்டிப்போக நினைக்கிறார். தங்கைமேல் பாசத்தில் பேசுகிறான், அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன்" என்றார். அதிகாரி பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் கடைசியாகக் கேட்டார்: "தெளிவாகச் சொல்லுங்கள். பிழை சங்கினுடையதா, உங்களுடையதா?"

அறையில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்த நொடியில் என் தலைக்குள் ஓடியது தங்கையும் இல்லை, குழந்தையும் இல்லை. கொழும்பு ஆய்வுக்கூடம் ஓடியது. சட்டைப்பையில் பேனா செருகிக்கொண்டு கொழும்புக் கோட்டையில் பஸ்ஸிலிருந்து இறங்குகிற என்னையே நான் பார்த்தேன். சங்கினுடையது என்று சொல்லியிருந்தாலும் அவள் தப்பியிருப்பாளோ என்னவோ. நான் சொல்லிப் பார்க்கவில்லை.

"என்னுடையதுதான், சார்" என்றேன். நல்ல ஆங்கிலத்தில், புரொபசர் சொல்லிக் கொடுத்த உச்சரிப்போடு சொன்னேன்.

அதிகாரி எழுதிக்கொண்டார். அடுத்த கிழமை பத்துச்சீட்டு வந்தது. காம்பராவை மாத முடிவுக்குள் காலி செய்ய வேண்டும். கொட்டகையில் ஒரு மூலையில் அவளைத் தங்கவைக்கலாமா என்று கேட்டதற்கு, புரொபசரின் ஆளான நான் மட்டும் இருக்கலாம், பத்துச்சீட்டு வாங்கியவர்கள் தோட்டத்து நிலத்தில் இருக்கக் கூடாது என்று ஆப்பீசிலிருந்து பதில் வந்தது. நான் வேலையை விட்டு அவளோடு போயிருக்கலாம். நுவரெலியாவில் மரக்கறித் தோட்டங்களில் கூலிக்கு நின்றாவது பிழைத்திருக்கலாம். போகவில்லை. அதற்கு இன்றுவரை ஒரு நல்ல காரணம் என்னிடம் இல்லை.

அவள் இந்தியாவுக்கே போவதென்று முடிவு செய்தாள். புருஷனைத் தேடிப் பார்க்கிறேன் என்றாள். தலவாக்கலை ரயில் நிலையத்தில் ஒரு தகரப்பெட்டி, ஒரு மூட்டை, குழந்தை. ரயில் வரும்வரை பக்கத்தில் நின்ற ஒரு கிழவரிடம் விசாரணைக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் லயத்து ஆள் அவர், ஹட்டனுக்குப் போக நின்றவர்.

"நம்ம சனம் நாப்பது பேரு நின்னாங்க, ஒருத்தர் வாயத் தொறக்கல மாமா. எங்க அண்ணன் ஒன்னுதான் அந்தத் தொரை மூஞ்சிக்கு நேரா இங்கிலீசுலயே கேட்டுச்சு. பொஸ்தகத்தத் தூக்கி மேசையில வச்சிச்சு. கடைசியில அந்த ஆப்பீசர் என்னமோ கேட்டதுக்கு, ஒரே வார்த்தையில பட்டுன்னு பதில் சொல்லிச்சு பாருங்க, அவரு தலையக் குனிஞ்சி எழுத ஆரம்பிச்சவருதான், நிமிரல. அவனுக எல்லாம் ஒரே கட்டு. எங்க அண்ணன் என்னா செய்யும்?"

பெரியவர் என்னைப் பார்த்து, "நல்லா இருப்பீங்க தம்பி" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

கொழும்பு ஆய்வுக்கூடம் கிடைக்கவில்லை. புரொபசர் முயற்சி செய்தார், பிரஜாவுரிமைச் சான்று கேட்டார்களாம், என்னிடம் ஏது? மூன்று வருடத்தில் கொட்டகையைக் கழற்றிக்கொண்டு போனார்கள். நான் ஹட்டனில் ஒரு கடையில் கணக்கெழுதப் போனேன். வானத்தில் எத்தனை மணிக்கு விடிந்தால் எனக்கென்ன என்று ஆகிவிட்டது.

தங்கையிடமிருந்து வருடத்துக்கு ஒன்றிரண்டு கடிதம் வரும், யாரையாவது பிடித்து எழுதச் சொல்லி. புருஷன் அகப்படவில்லை. கல் உடைக்கிற வேலைக்குப் போவதாக ஒன்றில் இருந்தது. அறுபதுகளில் ஒரு கடிதம் வந்தது, கோணல்மாணலான எழுத்தில். அதை எழுதியது அவள் மகன். பள்ளிக்கூடம் போகிறான், நன்றாகப் படிக்கிறான் என்று சந்தோஷமாக இருந்தது. கடைசியில் அவன் இப்படி எழுதியிருந்தான்: "மாமா, நீங்கள் அம்மாவுக்காகத் துரையோடு இங்கிலீசில் சண்டை போட்டதை அம்மா எல்லாரிடமும் சொல்லும். நானும் உங்களை மாதிரி இங்கிலீசு படித்து ஞாயத்துக்குப் பேசுவேன். அன்று நீங்கள் கடைசியாக என்ன சொன்னீர்கள் என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. எனக்கு எழுதி அனுப்புங்கள்."

அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதினேன். நன்றாகப் படி, அம்மாவைக் கவனித்துக்கொள் என்று எழுதினேன். அவன் கேட்டதை மறந்துவிட்டவன்போல விட்டுவிட்டேன்.